பெர்ன் நகரின் கிராம்கஸ்ஸே தெருவுக்கு எத்தனை வயது?

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரைப் பற்றிப் படிப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். பழைய நகரின் நடுத்தெருவான கிராம்கஸ்ஸேயை ஒரு கையேடு 12ஆம் நூற்றாண்டுத் தெரு என்கிறது. இன்னொன்று, 1405இல் நடந்த பெருந்தீக்குப் பிறகு எழுந்த தெரு என்கிறது. கட்டடக்கலை தெரிந்தவர் முகப்புகளைப் பார்த்துவிட்டு 18ஆம் நூற்றாண்டு என்று சொல்லிவிடுவார். தெருவில் நிற்கும் நீரூற்றுச் சிலைகளோ 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1983இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது ‘இடைக்கால நகரம்’ என்ற அடைமொழியும் ஒட்டிக்கொண்டது.

இவை எல்லாமே சரிதான். ஒவ்வொன்றும் தெருவின் ஒவ்வோர் அடுக்கைப் பற்றிச் சொல்கிறது. மனைக் கோடு ஒரு காலத்தது, சுவர் ஒரு காலத்தது, முகப்பு இன்னொரு காலத்தது. இந்த அடுக்குகளைப் பிரித்துப் பார்த்தால் இந்தத் தெரு ஏன் இவ்வளவு ஒழுங்காக இருக்கிறது, ஏன் இன்றுவரை இடிபடவில்லை என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிராம்கஸ்ஸேயின் அழகை எந்த அரசரும் எந்தக் கட்டடக் கலைஞரும் வரைந்து வைக்கவில்லை. நிலம், தீ, நடைபாதை, தண்ணீர் பற்றிய விதிகள் நூற்றாண்டுக் கணக்கில் அக்கம்பக்கத்து வீடுகளை ஒன்றோடொன்று கட்டிப்போட்டதால் வந்த அழகு அது. தெரு பிழைத்ததற்குப் பெரிய காரணம், 19ஆம் நூற்றாண்டில் நகரத்தின் பணம் வேறு பக்கம் போனது. பாதுகாப்புச் சட்டங்கள் வந்தது அதற்கெல்லாம் பிறகுதான்.

## முதலில் நிலம்

ஆரே ஆறு பெர்னில் ஒரு பெரிய வளைவு போடுகிறது. அந்த வளைவுக்குள் மூன்று பக்கமும் தண்ணீர் சூழ, கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் மேட்டுநிலம்தான் பழைய நகரம். பகைவர் வரக்கூடிய பக்கம் மேற்கு மட்டுமே. அதனால் நகரம் வளர்ந்ததும் அந்தத் திசையில் மட்டுமே.

மரபுக் கணக்கின்படி நகரை நிறுவியவர் ட்செரிங்கன் வம்சத்தின் ஐந்தாம் பெர்தோல்டு, ஆண்டு 1191. ஆவணத்தில் பெர்ன் என்ற பெயர் முதலில் தென்படுவது 1208இல். 1218இல் பெர்தோல்டு வாரிசில்லாமல் இறந்ததும் நகரம் நேரடியாகப் புனித ரோமப் பேரரசரின் கீழ் வந்தது. பிறகு மெல்ல மெல்லத் தன்னைத்தானே ஆளும் நகர அரசாக மாறியது.

நிலத்தின் வடிவம் தெருக்களின் வடிவத்தையும் தீர்மானித்தது. மேட்டின் நீளவாக்கில் மூன்று தெருக்கள் ஓடுகின்றன. நடுவில் ஓடுவதுதான் அகலமானது. சந்தை கூடிய தெரு அதுதான். அதன் மேற்குப் பாதி கிராம்கஸ்ஸே, கிழக்குப் பாதி கெரெஷ்டிக்கைட்ஸ்கஸ்ஸே, அதாவது நீதித் தெரு. தொடக்கத்தில் இரண்டும் ஒரே சந்தைத் தெருவாக இருந்தவை. இரண்டையும் பிரிக்கும் குறுக்குத் தெரு கிராய்ட்ஸ்கஸ்ஸே. அதன் ஒரு முனையில் நகர மன்றம், மறு முனையில் பேராலயம். நகரின் நீதிபதி பொதுமக்கள் முன்னால் அமர்ந்து தீர்ப்புச் சொன்ன இருக்கை இந்தச் சந்திப்பில்தான் இருந்தது.

கிராம்கஸ்ஸேயின் மேற்கு முனையில் நிற்கும் சிட்குளோகே மணிக்கூண்டு முதலில் நகரின் மேற்கு வாசல். 13ஆம் நூற்றாண்டின் நடுவில் நகரம் இன்னும் மேற்கே நீண்டு கேஃபிக்டுர்ம் கோபுரம் வரை போனது. 1344–1346இல் மூன்றாவது விரிவாக்கம் வந்தது. ஆக, பழைய நகரத்திலேயே முதலில் உருவான பகுதிக்குள் அடங்கியது கிராம்கஸ்ஸே. தெருவின் தடம், அகலம், இலேசான வளைவு ஆகியவைதான் இங்கே மிகப் பழைய அடுக்கு: ஏறக்குறைய 800 ஆண்டு.

## மனை என்ற அளவுகோல்

பெர்னின் நகர உரிமைப் பத்திரம் 1218 என்று தேதியிடப்பட்டது. அந்தத் தேதி உண்மையானதா, பத்திரம் பிறகு எழுதப்பட்டதா என்று வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். நமக்கு வேண்டியது அதில் உள்ள ஒரு விதி. ஒரு முழு மனை 100 அடி நீளம், 60 அடி அகலம். அதற்கு ஆண்டு வரி 12 காசு.

இந்த எளிய விதிதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம். எப்படி என்று பார்ப்போம்.

1. எல்லா மனைக்கும் ஒரே அளவு என்றால் தெருவின் இரு ஓரமும் ஒரே சீரான கோட்டில் அமையும். யாரும் முன்னே தள்ளியோ பின்னே ஒதுங்கியோ கட்ட முடியாது.

2. சந்தைத் தெருவில் முகப்புதான் மதிப்பு. அதனால் ஒவ்வொரு மனையும் வாரிசுகளிடமும் வாங்கியவர்களிடமும் ஒடுக்கமான பட்டைகளாகப் பிரிந்தது. இன்று கிராம்கஸ்ஸேயில் ஒரு வீட்டின் முகப்பு சில மீட்டர் அகலம்தான். ஆழமோ பல மடங்கு.

3. ஒடுங்கிய ஆழமான வீட்டில் பக்கச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. ஒருவர் வீட்டை இன்னொருவர் வீடு தாங்குகிறது. நினைத்த மாத்திரத்தில் ஒரு வீட்டை மட்டும் இடித்துவிட முடியாது.

வீட்டுக்குப் பின்னால் நிலைமை எப்படி? இரண்டு வரிசை வீடுகள் முதுகோடு முதுகு சேரும் இடத்தில் ஒடுக்கமான கழிவு வாய்க்கால் ஒன்று விடப்பட்டது. ‘ஏக்ராபன்’ என்று பெயர். கழிப்பறைகளும் சமையலறைக் கழிவும் அதில் போய்ச் சேரும். நகர ஓடையின் தண்ணீரைத் திறந்துவிட்டு அதை அலசிவிடுவார்கள். புகைப்படங்களில் வரும் எழில்மிகு முகப்புகளுக்குப் பின்னால் இப்படியொரு ஏற்பாடு இருந்ததால்தான் அத்தனை நெருக்கத்தில் மனிதர்கள் வாழ முடிந்தது. சுற்றுலாக் கையேடுகள் இதைப் பேசுவதே இல்லை. பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

## 1405: தீ எழுதிய விதி

அந்தக் காலத்து வீடுகள் பெரும்பாலும் மரத்தால் ஆனவை. 1405 மே 14ஆம் தேதி தீப்பிடித்தது. வேகமான காற்று தீயைக் கூரைக்குக் கூரை தூக்கிச் சென்றது. ஏறக்குறைய 600 வீடுகள் எரிந்தன. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போது சிறைச்சாலையாக இருந்த சிட்குளோகே கோபுரமும் எரிந்தது; உள்ளே அடைக்கப்பட்டிருந்த பெண்கள் தப்ப முடியவில்லை. சில ஆண்டுகளுக்குப் பிறகு நகரத்தின் சார்பில் வரலாறு எழுதிய கொன்ராட் யுஸ்டிங்கர் இந்தத் தீயைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். இடிபாடுகளை அகற்ற அண்டை நகரமான ஃப்ரைபூர்க் ஆட்களையும் வண்டிகளையும் அனுப்பியது.

‘தீக்குப் பிறகு பெர்ன் கல்லால் கட்டப்பட்டது’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. ஒரே தலைமுறையில் நகரம் கல்லாக மாறிவிடவில்லை. மரச் சட்டக வீடுகள் பிறகும் எழுந்தன. கல் முகப்புகள் ஒவ்வொன்றாக, நூறு இருநூறு ஆண்டுகளில் இடம்பிடித்தன. ஆனால் திசை மாறியது 1405இல்தான். நகர மன்றம் 1406இல் புதுக் கட்டடத்தைத் தொடங்கியது. பேராலயத்துக்கு 1421இல் அடிக்கல் விழுந்தது. எரிந்த நகரம் தன் செல்வத்தைக் கல்லில் காட்டத் தொடங்கிய காலம் அது.

இதில் முக்கியமான தொழில்நுட்பம் தீச்சுவர். இரண்டு வீடுகளுக்கு நடுவே அடித்தளத்திலிருந்து கூரை வரை எழும் கனத்த கல் சுவர்தான் அது. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்குத் தாவாமல் தடுப்பது அதன் வேலை. மனைப் பிரிவு காகிதத்தில் போட்ட கோட்டைத் தீச்சுவர் கல்லில் போட்டது. முகப்பை மாற்றலாம், மாடியைக் கூட்டலாம், படிக்கட்டை நகர்த்தலாம். தீச்சுவரைத் தொட்டால் பக்கத்து வீட்டுக்காரரையும் தொடுவதாகும். அதனால் கிராம்கஸ்ஸேயின் பல வீடுகளில் முகப்பைவிடப் பக்கச் சுவர் மிகவும் பழையது. வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் இது தெரியாது.

## லௌபன்: யாருடைய நடைபாதை?

பெர்ன் என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது தெருவின் இருபுறமும் ஓடும் வளைவுத் தாழ்வாரம்தான். உள்ளூரில் அதை ‘லௌபன்’ என்பார்கள். பழைய நகரம் முழுக்க இவை ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நீளம். மழை, பனி, வெயில் எதுவும் படாமல் கடை கடையாகப் பார்த்துக்கொண்டே நடக்கலாம்.

நகராட்சி கட்டிய நடைபாதை என்றுதான் பார்க்கிற யாரும் நினைப்பார்கள். நிலைமை வேறு.

தொடக்கத்தில் வீட்டு முகப்பு இன்று கடைக்கதவு இருக்கும் கோட்டில் இருந்தது. சந்தைத் தெருவில் சரக்கை நனையாமல் வைக்க வீட்டுக்காரர்கள் முன்னால் மரத்தூண் நட்டுச் சார்ப்பு இறக்கினார்கள். அப்புறம் அந்தச் சார்ப்பின் மேல் அறை எழுப்பினால் என்ன என்று தோன்றியது. மேல்மாடிகள் தெருவை நோக்கி நீண்டன. தூண்கள் மரத்திலிருந்து கல்லுக்கு மாறின; தூண்களுக்கு மேல் வளைவு வந்தது. வீட்டுக்காரருக்கு மேலே கூடுதல் இடம் கிடைத்தது. அதற்கு ஈடாகக் கீழே மக்கள் நடக்க வழி விட வேண்டும் என்பது நிபந்தனை.

இந்தப் பேரம் இன்றும் செல்லும். சட்ட நிலையை இப்படிச் சுருக்கலாம்:

1. தாழ்வாரமும் அதன் தூண்களும் அந்தந்த வீட்டு உரிமையாளரின் தனிச் சொத்து.

2. அதில் நடக்கும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு. உரிமையாளர் அதை அடைக்க முடியாது.

3. பராமரிப்பு உரிமையாளரின் பொறுப்பு.

இதன் விளைவைத் தெருவில் கண்ணாலேயே பார்க்கலாம். வளைவின் உயரம், தூணின் தடிமன், மேற்கூரையின் வடிவம் எல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். ஆனால் தொடர்ச்சி மட்டும் அறுபடாது. ஒருவர் வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினாலும் தாழ்வாரத்தை அதே கோட்டில் மறுபடி அமைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் இருபுறத்துக் கடைக்காரர்களும் நடப்பவர்களும் சும்மா விடமாட்டார்கள். ஐரோப்பாவின் பல நகரங்களில் இதுபோன்ற தாழ்வாரங்கள் இருந்தன. வண்டிகள் பெருகியபோது தெருவை அகலப்படுத்த வேண்டும் என்று அவை பல இடங்களில் இடிக்கப்பட்டன. பெர்னில் பொதுமக்களின் நடை உரிமையும் வீட்டுக்காரரின் மாடியும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்ததால் அவற்றைப் பிரிப்பது கடினமாகிவிட்டது. என்னைக் கேட்டால், இந்தத் தெருவைக் காப்பாற்றிய தனிப்பெரும் விதி இதுதான். கலை ரசனையைவிட உறுதியானது அது, ஏனென்றால் அதில் ஆயிரம் பேருடைய அன்றாட நலன் கலந்திருக்கிறது.

## நிலவறைகளும் வாய்க்காலும்

தாழ்வாரத் தூண்களுக்கு வெளிப்புறம், தெரு ஓரத்தில், சாய்வான மரக்கதவுகள் வரிசையாகத் தெரியும். அவை நிலவறைகளின் வாசல். இப்போது உள்ளே துணிக்கடை, புத்தகக்கடை, சிறு நாடக அரங்கு என்று ஏதேதோ இருக்கின்றன. முன்பு பெரும்பாலும் திராட்சை மதுவைச் சேமித்த, விற்ற இடங்கள்.

அத்தனை மது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அரசியலுக்குப் போக வேண்டும். 1536இல் பெர்ன், ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள வோ பகுதியைக் கைப்பற்றியது. திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த மண் அது. 1798 வரை பெர்னின் ஆட்சியில் இருந்தது. வரியாகவும் சொந்தத் தோட்டத்து விளைச்சலாகவும் மது பெர்னுக்கு வந்து குவிந்தது. பெர்னின் ஆளும் குடும்பங்கள் அதை நிலவறைகளில் விற்றன. ‘வெனிஸ் நீரில் கிடக்கிறது, பெர்ன் மதுவில் கிடக்கிறது’ என்று ஒரு பழஞ்சொல்லே உண்டு. தெரு மட்டத்தில் பார்க்கும் அந்தச் சாய்வுக் கதவு ஒவ்வொன்றும் இன்னொரு மக்களை ஆண்டு பெற்ற வருமானத்தின் சுவடு என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

தெருவின் நடுவே ஓடிய நகர ஓடை வேறு வகை. மேற்கேயுள்ள பள்ளத்தாக்கிலிருந்து வெட்டிக் கொண்டுவரப்பட்ட வாய்க்கால் அது. தீயணைக்க, தெருவைக் கழுவ, பின்புறக் கழிவு வாய்க்கால்களை அலச, எல்லாவற்றுக்கும் அதுதான். குடிநீர் அதிலிருந்து எடுக்கப்படவில்லை. ஊற்று நீர் தனிக் குழாய்களில் நீரூற்றுகளுக்கு வந்தது. பின்னாளில் ஓடை மூடப்பட்டது. 2004–2005இல் கிராம்கஸ்ஸேயையும் அதன் தொடர்ச்சியையும் புதுப்பித்தபோது சில பகுதிகளில் அது மறுபடி கண்ணுக்குத் தெரியும்படி திறக்கப்பட்டது. ஆக, ஓடை இடைக்காலத்தது. இன்று நாம் பார்க்கும் கல் வாய்க்கால் 2005இன் வேலை.

நீரூற்றுகளில் இரண்டைச் சொல்லியாக வேண்டும். 1535இல் ஹன்ஸ் ஹில்ட்பிராண்ட் செய்த ட்செரிங்கன் நீரூற்றில், நகரை நிறுவியவரின் நினைவாக, போர்க்கவசம் பூண்ட கரடி ஒன்று கொடியேந்தி நிற்கிறது. காலடியில் குட்டிக் கரடி திராட்சை தின்கிறது. 1544இல் ஹன்ஸ் கீங் செய்த சிம்சோன் நீரூற்றில் விவிலியத்துச் சிம்சோன் சிங்கத்தின் வாயைப் பிளக்கிறான். அலங்காரமாகத் தெரிந்தாலும் ஒரு காலத்தில் இவை அக்கம்பக்கத்து வீடுகளின் குடிநீர். அடுத்த பகுதியான நீதித் தெருவின் நீதி தேவதைச் சிலையை 1986இல் ஜூரா பகுதிப் பிரிவினைக் குழுவைச் சேர்ந்தவர்கள் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தார்கள். ஜூராவின் ஒரு பகுதி பெர்ன் மாநிலத்தோடு இருப்பதை எதிர்த்த செயல் அது. இப்போது தெருவில் நிற்பது நகல்.

## முகப்புகள்: 18ஆம் நூற்றாண்டின் பச்சைக்கல்

கிராம்கஸ்ஸேயின் படங்களில் முதலில் தெரிவது பச்சையும் சாம்பலும் கலந்த மணற்கல் முகப்புகள். ஆல்ப்ஸ் மலைகள் அரித்து வந்த மணல் இறுகி உண்டான கல் இது. ஓஸ்டர்முண்டிகன் போன்ற பக்கத்து ஊர்களின் குவாரிகளிலிருந்து வெட்டி எடுத்தார்கள். வெட்ட எளிது, செதுக்க எளிது. ஆனால் மென்மையானது, மழையிலும் உறைபனியிலும் உதிரும். கூரைகள் சுவரைத் தாண்டி நன்றாக முன்னே நீட்டிக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்: மழைநீர் கல்லைத் தொடக்கூடாது.

இந்த முகப்புகளில் மிகப் பல 18ஆம் நூற்றாண்டில் புதிதாக்கப்பட்டவை. அப்போது பெர்னை ஆண்டது சில டஜன் குடும்பங்களின் கூட்டம். வெளிநாட்டுப் படைச் சேவையிலும் ஆட்சிப் பகுதிகளின் வருவாயிலும் செல்வம் சேர்த்தவர்கள். பிரெஞ்சு பாணியைப் பார்த்து வந்து தங்கள் பழைய வீடுகளுக்குப் புது முகம் கொடுத்தார்கள். கைவினைக் கூட்டமைப்புகளும் அதையே செய்தன. வணிகர்களின் கூட்டமைப்பு மன்றமும் கசாப்புக்காரர்களின் மன்றமும் இந்தத் தெருவில்தான் இருந்தன.

கவனிக்க வேண்டியது, முகம் மாறினாலும் மனையின் அகலமும் தீச்சுவரும் தாழ்வாரமும் மாறவில்லை என்பது. பணக்காரர் ஒருவர் இரண்டு மனையை வாங்கிச் சேர்த்தால்தான் அகலமான முகப்பு கிடைக்கும். அப்படிச் செய்தவர்கள் இங்கே குறைவு. அதனால்தான் ஆடம்பரம் காட்ட நினைத்த காலத்திலும் தெரு அளவோடு நின்றது.

1798 மார்ச்சில் பிரெஞ்சுப் படை நுழைந்ததும் அந்த ஆட்சி முடிந்தது. அந்தக் காலத்தில் நகரம் நிறங்களால் ஐந்து வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. தெருப் பெயர்ப் பலகைகளில் அந்த நிறங்கள் இன்றும் இருக்கின்றன. கிராம்கஸ்ஸேயின் நிறம் பச்சை.

## கோபுரத்தின் கடிகாரம்

சிட்குளோகேயில் இன்று ஓடும் இயந்திரத்தைக் கஸ்பர் புருன்னர் 1530இல் முடித்தார். ஒரு காலத்தில் நகரின் அதிகாரபூர்வ நேரம் இதுதான். தூரமும் இங்கிருந்தே அளக்கப்பட்டது: மாநிலச் சாலைகளில் நட்ட கற்கள், இந்தக் கோபுரத்திலிருந்து எத்தனை மணி நேர நடை என்று சொல்லின. வாயிலின் உட்சுவரில் நீள அளவுகளின் மாதிரிகள் பதிக்கப்பட்டன. துணி வாங்குகிறவர் தன்னை ஏமாற்றிவிட்டார்களா என்று அங்கேயே சரிபார்த்துக்கொள்ளலாம். சந்தைத் தெருவின் வாசலில் அளவுகோலை வைத்தது மிகச் சரியான முடிவு.

## ஏன் இடிபடவில்லை?

இப்போது இரண்டாம் கேள்விக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்கள் பழைய தெருக்களை இடித்து அகலச் சாலைகள் போட்டன. பெர்னும் இடிக்கத் தயங்கிய நகரம் இல்லை. 1865இல், மூன்றாவது விரிவாக்கத்தின் மேற்கு வாசலான கிறிஸ்டோஃப் கோபுரத்தை இடித்தது. அப்படியானால் கிராம்கஸ்ஸே எப்படித் தப்பியது?

காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை:

1. ரயில் மேற்கே வந்தது. 1850களின் இறுதியில் ரயில் நிலையம் பழைய நகரின் மேற்கு விளிம்பில் அமைந்தது. கடைவீதியின் கனம் அந்தப் பக்கம் சாய்ந்தது. இடிக்கப்பட்ட கிறிஸ்டோஃப் கோபுரமும் ரயில் நிலையத்தின் அருகில்தான் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

2. அரசும் மேற்கே அமர்ந்தது. 1848இல் பெர்ன் கூட்டாட்சி அரசின் இருப்பிடமானது. கூட்டாட்சிக் கட்டடங்கள் சிட்குளோகேக்கு அப்பால் எழுந்தன.

3. பாலங்கள் தெருவைச் சுற்றிப் போயின. 1844இல் கிழக்கு முனையில் நீடெக் உயர்பாலம் திறந்தபோது கிராம்கஸ்ஸே வழியாகப் போக்குவரத்து கூடியது உண்மை. ஆனால் 1883இல் தெற்கே கிர்ஷன்ஃபெல்டு பாலமும் 1898இல் வடக்கே கோர்ன்ஹவுஸ் பாலமும் வந்தன. இரண்டும் சிட்குளோகேக்கு அருகில் தொடங்கி ஆற்றின் மறுகரைக்குப் போகின்றன. புதிய குடியிருப்புகள் அங்கே வளர்ந்தன. சிட்குளோகேக்குக் கிழக்கே கிராம்கஸ்ஸே அடங்கிய பழைய கீழ்நகரம் வழியில்லாத மூலையானது.

4. பணம் போன இடத்தில் வாடகை ஏறியது. பணம் போகாத இடத்தில் இறங்கியது. கீழ்நகரத்தின் பெரிய வீடுகள் அறை அறையாக வாடகைக்குப் போயின. இடித்துக் கட்ட லாபமில்லை.

சிட்குளோகேக்கு மேற்கே உள்ள தெருக்களைப் பார்த்தால் இதற்கு மறுபக்கச் சான்று கிடைக்கும். அங்கே 20ஆம் நூற்றாண்டில் பல வீடுகளின் உட்புறம் முழுக்க அகற்றப்பட்டு, முகப்பும் தாழ்வாரமும் மட்டும் நிற்க, பின்னால் பெரிய கடைகள் வந்தன. லாபம் இருந்த இடத்தில் விதிகள் வளைந்தன.

இந்தப் பின்னணியில்தான் ஐன்ஸ்டைன் கதையும் புரியும். காப்புரிமை அலுவலகத்தில் சாதாரண ஊழியராக இருந்த 24 வயது இளைஞர், மனைவி மிலேவா மாரிச்சோடு நகரின் பிரதான பழைய தெருவில் 49ஆம் எண் வீட்டின் இரண்டாம் மாடியில் குடியிருக்க முடிந்தது. 1903 இலையுதிர் காலத்திலிருந்து 1905 மே நடுப்பகுதி வரை அவர்கள் அங்கே இருந்தார்கள். மூத்த மகன் 1904 மே மாதம் பிறந்தான்.

‘சார்பியல் கோட்பாடு எழுதப்பட்ட வீடு’ என்று அடிக்கடி படிக்கிறோம். தேதிகளைச் சரிபார்த்தால் கொஞ்சம் நுணுக்கம் வேண்டும். ஒளியின் துகள் தன்மை பற்றிய கட்டுரை 1905 மார்ச்சில் முடிந்தது. பிரௌனியன் இயக்கம் பற்றியது மே 11இல் இதழுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டும் அந்த வீட்டில் இருந்த காலத்தவை. சிறப்புச் சார்பியல் கட்டுரை இதழுக்குக் கிடைத்தது ஜூன் 30. அதற்குள் குடும்பம் வேறு தெருவுக்கு மாறிவிட்டது. சிந்தனை கிராம்கஸ்ஸேயில் ஊறியது என்று சொல்வதில் தவறில்லை. கட்டுரை அங்கே முடிந்தது என்று சொன்னால் தவறு.

தெரு உறைந்து போய்விடவும் இல்லை. 1890 முதல் காற்றழுத்தத்தால் ஓடும் டிராம் இந்த வழியே போனது. பிறகு மின்சார டிராம். 1965இல் அதற்குப் பதில் மின்கம்பிப் பேருந்து வந்தது.

## ‘பாதுகாக்கப்பட்டது’ என்றால் எது?

1983இல் பெர்ன் பழைய நகரம் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சுவிட்சர்லாந்தின் முதல் இடங்கள் சேர்ந்த ஆண்டே அதுதான். ஆனால் யுனெஸ்கோ ஒரு செங்கல்லைக்கூட நேரடியாகக் காப்பதில்லை. காப்பது நகரத்தின் கட்டட விதிகள். மேற்குத் தெருக்களில் நடந்ததைப் பார்த்த பிறகு, முகப்பை மட்டும் காப்பது போதாது என்பது இங்கே புரிந்துவிட்டது. தீச்சுவர்கள், கூரை, வீட்டின் உள்ளமைப்பு ஆகியவையும் கணக்கில் எடுக்கப்படுகின்றன.

இந்தப் பார்வை சரியானது என்பதற்கு மேலே சொன்ன அடுக்குகளே காரணம். அவற்றை வயதுவாரியாக வைத்தால்:

1. தெருத்தடமும் மனைக் கோடும்: ஏறக்குறைய 800 ஆண்டு.
2. தீச்சுவர்களும் தாழ்வாரமும்: 1405க்குப் பிறகு படிப்படியாக.
3. நீரூற்றுகள்: 1535, 1544.
4. பெரும்பாலான முகப்புகளின் வடிவம்: 18ஆம் நூற்றாண்டு.
5. முகப்பில் உள்ள கல்: பல இடங்களில் அதைவிட மிக இளையது, ஏனென்றால் உதிர்ந்த கல்லை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.
6. திறந்த வாய்க்கால்: 2005.

ஐந்தாவதைப் பற்றி வருத்தப்படத் தேவையில்லை. அதே குவாரியின் கல், அதே செதுக்கு வேலை, அதே அளவு. மணற்கல் நகரத்தில் மாற்றுவதும் பராமரிப்பில் ஒரு பகுதிதான். பேராலயத்திலும் அதையே செய்கிறார்கள். கவலைப்பட வேண்டியது இரண்டாவதைப் பற்றி. இரண்டு வீடுகளை இணைத்து ஒரே கடையாக்க ஒரு தீச்சுவரை உடைத்தால், வெளியே எந்த மாற்றமும் தெரியாது; படத்தில் தெரு அப்படியேதான் இருக்கும். ஆனால் இரண்டு குடும்பத்துக்கும் இரண்டு சிறு கடைக்கும் இடம் கொடுத்த அளவு அங்கே போய்விடும். அந்தச் சுவரை மறுபடி எழுப்ப எந்த உரிமையாளருக்கும் காரணம் இருக்காது. பெர்னில் இனி வரும் ஒவ்வொரு புதுப்பிப்பு விண்ணப்பத்திலும் முதலில் பார்க்க வேண்டியது வீட்டின் குறுக்குவெட்டு வரைபடத்தை; முகப்பின் படத்தை அதற்குப் பிறகு பார்க்கலாம்.